வேலூர் லாட்ஜ்காரர் மகள்: என் இளையோர் நாவலில் அம்மா அப்பா வில்லனாகத் தெரிகிறார்கள், எங்கே தவறு?

பாலாறு_வடகரை:

வணக்கம். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கான நாவல் இது. களம் வேலூர், காந்தி ரோடு பக்கம். மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட வங்காளிக் குடும்பம். அப்பா 16 ரூம் லாட்ஜ் ஒன்றை லீஸுக்கு எடுத்து நடத்துகிறார். கீழே அம்மாவின் மீன் மெஸ். மகள் அபர்ணா பிளஸ் 2 படிக்கிறாள். வீட்டில் நர்சிங் படிக்கச் சொல்கிறார்கள், அவளுக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. 22,000 சொல் வந்திருக்கிறது. படித்த இரண்டு பேரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: பெற்றோர் வில்லன் மாதிரி இருக்கிறார்கள், மூன்று சண்டைக் காட்சியும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சான்றிதழ் விவகாரம், பேச்சுமொழி இரண்டிலும் தப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கோட்டை_அகழி:

மூன்று சண்டையிலும் பேச்சு "எனக்கு என்ன பிடிக்கும்" என்பதைப் பற்றியே ஓடுகிறது போலிருக்கிறது. அதனால்தான் ஒன்றுபோல இருக்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில் முதலில் எழும் கேள்வி, மகள் செய்யும் வேலையை இனி யார் பார்ப்பது என்பதுதான்.

அபர்ணா ஒரு நாளில் செய்யும் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். ஹவுராவிலிருந்து வரும் வண்டி காட்பாடியில் நின்றதும் போன் வரும். ஆட்டோக்காரரிடம் வாடகை பேசுவது அவள். வந்தவர்களின் அடையாள அட்டையை வாங்கி நோட்டில் பதிவது அவள். பங்களாதேஷிலிருந்து வந்தவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும், அதுவும் அவள்தான். தண்ணீர் லாரி, கேஸ் பதிவு, கரண்ட் பில், கட்டட ஓனரிடம் வாடகைக்கு நாலு நாள் தவணை கேட்பது எல்லாமே அவள் வாயால்தான் நடக்கிறது. அந்த வீட்டுக்கே நாக்கு அவள். அப்பா நர்சிங் படி என்று சொல்வதில் உள்ள கணக்கு இதுதான்: கல்லூரி நடக்கும் தூரம், பிறகு நிச்சயமான சம்பளம், நாக்கும் வீட்டிலேயே இருக்கும். இந்தக் கணக்கை வாசகர் பார்த்துவிட்டால் அப்பா வில்லனாகத் தெரியமாட்டார், பயந்த மனிதராகத் தெரிவார்.

கதையில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. வேலூர் ஓட்டேரியில் உள்ள முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலேயே பி.ஏ. தமிழ் உண்டு. டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். அப்புறம் சண்டை எதற்கு என்று வேலூர்ப் பிள்ளைகள் முதல் அத்தியாயத்திலேயே கேட்பார்கள். ஆகவே அவளைச் சென்னைக்கு அனுப்புங்கள். ராணி மேரி கல்லூரியோ மாநிலக் கல்லூரியோ இருக்கட்டும். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். "தினம் போய் வா" என்று அப்பாவே ஒரு சமாதானம் சொல்லட்டும். ஒரு வாரம் ஒத்திகை பார்த்ததில் அது தோற்கட்டும். விடியும் முன்னே கிளம்பி இருட்டியபிறகு திரும்புகிறவளால் கவுன்ட்டரில் உட்கார முடியாது. நாவலின் நடுப்பகுதிக்கு இதைவிட நல்ல நிகழ்ச்சி வேண்டாம்.

மனு_எண்_7:

சான்றிதழ் பற்றி. முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அவள் எந்த வகுப்பில் தமிழ்நாட்டுக்கு வந்தாள்? பாதிக் கதை அதில்தான் நிற்கிறது.

6 முதல் 12 வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு வழி இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் அதே 6 முதல் 12 கணக்குதான். 8-லிருந்து 12 வரை இங்கே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு வரலாம், ஆனால் வேற்று மாநிலத்தவர் என்பதால் பொதுப் போட்டியில் மட்டும். 7-ஆம் வகுப்பில் வந்து சேர்ந்தவள் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு வருடம் குறைந்து முதல் இரண்டும் கைநழுவும். அந்த ஒரு வருடம் அப்பா ஊரில் கடனை அடைத்துக்கொண்டிருந்த வருடமாக இருக்கட்டும். யார்மேலும் பழி சொல்ல முடியாது, வீட்டில் எல்லோருக்கும் வலிக்கும்.

பலரும் தவறு செய்யும் இடம் சாதிச் சான்று. குடும்பம் நமசூத்திரர் என்று வைத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தில் அது பட்டியல் சாதி. தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அரசியலமைப்பின் 341-ஆம் பிரிவுப்படி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. மாநிலம் மாறினால் சலுகை கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்திருக்கிறது. அப்பா பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கும் அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது என்பதை மகளே படித்து அவருக்கு வங்காளத்தில் சொல்ல வேண்டிவரும் காட்சி ஒன்று எழுதுங்கள். தாலுகா அலுவலக ஊழியரை முரடராகக் காட்டாதீர்கள். அவர் பொறுமையாகவே விளக்கட்டும், அப்போதுதான் கனம் கூடும்.

காலண்டரில் கவனம் வேண்டும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு, மே முதல் பத்து நாட்களுக்குள் ரிசல்ட். மதிப்பெண் 600-க்குத்தான். 1200-க்கு என்று எழுதினால் கதை 2019-க்கு முன்னே போய்விடும். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பமும் மே மாதம்தான். அந்த வெயிலில் மாடி ரூம்களில் நோயாளிகள் தூங்க முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிடுவார்கள். அவள் விண்ணப்பத்தை நிரப்புவது அங்கேதான்.

இலந்தைவடை:

மொழிக்கு வருகிறேன். 12 வயதில் வந்த பெண் தப்புத் தமிழ் பேசமாட்டாள், வேலூர்த் தமிழ்தான் பேசுவாள். "இன்னாடி பண்ற", "வந்துகினே இருக்கேன்" என்று தோழிகளோடு பேசட்டும். தமிழ் டீச்சரிடம் மட்டும் புத்தகத் தமிழ் வரும். தடுமாறுவது அவள் அம்மா. எப்படித் தடுமாறுவார் என்பதற்கும் காரணம் உண்டு. வங்காளத்தில் ஆண்பால் பெண்பால் வினை கிடையாது, "அவன்", "அவள்" இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் "டாக்டர் அம்மா வந்தான்" என்பார். "வ" வராது, அந்த இடத்தில் "ப" மாதிரி ஒலிக்கும், ஊர்ப் பெயரே "பேலோர்" ஆகிவிடும். இந்த இரண்டு அடையாளம் போதும். அதையும் அத்தியாயத்துக்கு இரண்டு இடத்துக்குமேல் வைக்காதீர்கள், வைத்தால் கேலி ஆகிவிடும். அதே அம்மா வங்காளத்தில் பேசும் காட்சிகளை நல்ல, முழுமையான, வேகமான தமிழில் எழுதுங்கள். அவர் எவ்வளவு கூர்மையான பெண் என்பது வாசகருக்கு அங்கேதான் தெரியவேண்டும். பெற்றோர் வில்லனாகத் தெரிவதில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன்: உடைந்த தமிழில் மட்டுமே பேசுகிற அம்மா, வாசகர் கண்ணுக்குச் சின்னவராகிவிடுகிறார்.

வங்காளிக் குழந்தைக்கு வீட்டுப் பெயர் ஒன்று, வெளிப் பெயர் ஒன்று. வீட்டில் துலி, பள்ளியில் அபர்ணா, தோழிகளுக்கு அப்பு என்று வைத்தால் கூப்பிடும் பெயரிலிருந்தே யார் பேசுகிறார் என்று புரிந்துவிடும்.

சமையலை அலங்காரமாக வைக்காதீர்கள். கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சினால்தான் அதன் காரம் அடங்கும். அந்தப் புகை பக்கத்து வீட்டுக்குப் போவதும், ஓனர் வந்து நிற்பதும் கதை. சரஸ்வதி பூஜையும் அப்படித்தான். இங்கே நவராத்திரியில் வருகிறது, வங்காளிகளுக்குத் தை அமாவாசை கழிந்த ஐந்தாம் நாள், பெரும்பாலும் செய்முறைத் தேர்வை ஒட்டி. அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது. அதற்கு முன்னால் இலந்தைப்பழமும் சாப்பிடமாட்டார்கள். பள்ளி வாசலில் தோழி நீட்டும் இலந்தைப்பழத்தை அவள் வாங்குகிறாளா இல்லையா என்பதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

கோட்டை_அகழி:

இலந்தைவடை சொன்ன அம்மா விஷயம் மிகச் சரி. நான் அதைத் தவறவிட்டேன்.

பாலாறு_வடகரை:

எல்லோருக்கும் நன்றி. 7-ஆம் வகுப்பில் வந்தாள் என்றே வைக்கிறேன். முடிவில்தான் குழப்பம். இப்போது எழுதியிருப்பதில் அவள் ஒரு நோயாளியின் சாவைப் பார்த்து மனம் மாறி நர்சிங் சேர்கிறாள். இன்னும் எத்தனை சொல் போகலாம்?

மனு_எண்_7:

அந்த முடிவு வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த மிஷனரி மகள், குடும்ப வழி வேண்டாம் என்றவர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் மாறி, மருத்துவம் படித்து 1900-இல் திரும்பி வந்தார். அது அவர் வாழ்க்கை, அதற்கு மதிப்பு உண்டு. அதே திருப்பத்தை நீங்கள் வைத்தால், கடைசியில் குடும்பம் சொன்னதுதான் சரி என்று 16 வயது வாசகிக்குச் சொன்னதாகிவிடும்.

கோட்டை_அகழி:

மனம் மாறவேண்டியது அவள் இல்லை, வேலைப் பங்கீடுதான். ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையில் ஏழெட்டு வாரம் இருக்கும். அந்த வாரங்களில் அம்மாவைக் கவுன்ட்டருக்குக் கொண்டுவாருங்கள். முதலில் எண்கள், வாடகை, "ஆதார் குடுங்க". பிறகு தண்ணீர் லாரிக்காரரோடு போனில் பேச்சு. போனில் முகமும் கையும் உதவாது, அதனால் அங்கே ஒருமுறை தவறட்டும்: நாளை என்பதற்கு நேற்று என்று சொல்லி லாரி வராமல் 16 ரூமும் தண்ணீர் இல்லாமல் நிற்கட்டும். அபர்ணா ஓடிப்போய்ச் சரிசெய்தால் கதை பழைய இடத்துக்கே போய்விடும். அம்மாவே மறுபடி போனை எடுக்கவேண்டும். அந்த வெளிநாட்டவர் படிவத்தை அப்பா இரண்டு விரலால் தட்டப் பழகட்டும்.

அளவு: 35,000 முதல் 40,000 சொல்லுக்குள் நிறுத்துங்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கில நாவல்களின் சொல் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் புத்தகம் தடித்துவிடும். இருக்கிற 22,000-இல் சண்டைகள் இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் சீசன் டிக்கெட் தோற்ற இரவுக்கு நகர்த்துங்கள். கடைசிக் காட்சியைக் காட்பாடி நடைமேடையில் வைக்கவேண்டாம், எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். அவள் போய் நாலு நாள் ஆனபிறகு, ஹவுரா வண்டியில் வந்த ஒரு குடும்பம் கவுன்ட்டரில் நிற்க, அம்மா ஆட்டோக்காரரிடம் "இன்னா பா இவ்ளோ கேக்குற" என்று பேரம் பேசுவதில் முடியுங்கள்.