2003 தடைச் சட்டத்தில் தாயின் உடல்நலம் எங்கே இருக்கிறது?

வைகைக்கரை: அமெரிக்காவில் 2003-இல் அதிபர் புஷ் கையெழுத்திட்ட 'பகுதிப் பிறப்பு' (கரு பாதி வெளியே வந்த நிலையில் கலைக்கும் முறை) கருக்கலைப்புத் தடைச் சட்டத்தில் தாய்க்கு எல்லாப் பாதுகாப்பும் உண்டு என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. உடல்நலத்துக்கு விலக்கே கிடையாது.

கொள்ளிடத்தான்: எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். உயிர் போகும் நிலை என்றால் டாக்டர் செய்யலாம். உயிரைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

வைகைக்கரை: உயிர் வேறு, உடல்நலம் வேறு. கருப்பை போய், இனிப் பிள்ளையே இல்லை என்று ஆனாலும் அவள் உயிரோடுதான் இருப்பாள். அது உங்களுக்குப் போதுமா? இதற்காகத்தான் அன்றைய அதிபர் கிளின்டன் 1996-இலும் 1997-இலும் இதே போன்ற மசோதாக்களை வீட்டோ செய்து நிராகரித்தார். இதே போன்ற நெப்ராஸ்கா மாநிலத் தடைச் சட்டம் 2000-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று விழுந்ததற்கும் இது ஒரு காரணம்.

கொள்ளிடத்தான்: 2000-த்தோடு வசதியாக நின்றுவிட்டீர்களே! 2007-இல் அதே நீதிமன்றம், அதே 5-4, இந்தச் சட்டம் செல்லும் என்றது. போன மாதம் ரோ வழக்கு (அமெரிக்கக் கருக்கலைப்பு உரிமை வழக்கு) விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள், மறக்கவில்லை. ஏழு மாதக் குழந்தையைக் கருச்சிதைவு செய்ய எதற்கு இவ்வளவு வாதம்?

செவிலி அக்கா: தம்பி, கருச்சிதைவு தானாக நடப்பது. கலைப்பது கருக்கலைப்பு. அப்புறம், அந்தச் சட்டத்தில் மாதக் கணக்கே இல்லை, தடை செய்தது ஒரு முறையை. அது பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் மாதத்தில் நடந்தது. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள்.

கொள்ளிடத்தான்: தமிழ் வகுப்பு வேண்டாம் அக்கா. தொப்புள் வரை வெளியே வந்த குழந்தையைக் கொல்வதுதான் அந்த முறை. என் அக்கா மகன் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். இன்று கல்லூரியில் படிக்கிறான்.

வைகைக்கரை: அவன் நன்றாக இருக்கட்டும். கேள்வி அவன் அல்ல, தாயின் உடல்நலம். 2000-க்கும் 2007-க்கும் நடுவில் மருத்துவமா மாறியது? நீதிபதி ஓ'கானர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு அலிட்டோ வந்தார். அவ்வளவுதான். சில பெண்களுக்கு இந்த முறையே பாதுகாப்பானது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் சொன்னது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோ "ஒருபோதும் தேவையில்லை" என்று சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தது. நீதிபதி கின்ஸ்பர்க் 2007-இல் தன் மறுப்புத் தீர்ப்பை நீதிமன்றத்தில் வாசித்தே காட்டினார். அரசியல்வாதி சொன்னால் வேதம், டாக்டர் சொன்னால் பொய்யா?

அட்லாண்டா தமிழன்: 22 வருடமாக இங்கே வாழ்கிறேன். இந்தச் சட்டம் மேலவையான செனட்டில் 64-34 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சேர்ந்துதான் ஓட்டுப் போட்டார்கள். பெண்ணுக்குத் தண்டனையே இல்லை, டாக்டருக்குத்தான் 2 ஆண்டு வரை சிறை. ஊரில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குச் சட்டம் சொல்லாதீர்கள்.

வைகைக்கரை: கிரீன் கார்டு வாங்கினால் சட்டம் தானாகத் தெரிந்துவிடுமா? உடல்நலம் என்ற விலக்கு எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள்.

அட்லாண்டா தமிழன்: நான் குடிமகன். கிரீன் கார்டு அல்ல.

கொள்ளிடத்தான்: உயிர் என்று இருக்கிறது. வேறு முறைகளும் திறந்தே இருக்கின்றன என்று நீதிபதி கென்னடியே எழுதினார். அது போதும்.

வைகைக்கரை: உயிரைக் கேட்கவில்லை. உடல்நலம். எந்த வரி?

கொள்ளிடத்தான்: முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். ரோ விவாதத்தில் நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் அங்கே வாருங்கள்.