துலாவின் அடிப்பக்கப் பாரத்துக்கு என்ன பேர்?

வணக்கம் உறவுகளே. பாடசாலைக் கண்காட்சிக்கு 10ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சின்னத் துலா (கிணற்றில் தண்ணீர் அள்ளும் ஏற்றம்) ஒன்று செய்கிறார்கள். ஆடுகால், அச்சுலக்கை, துலாக்கயிறு எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியாயிற்று. அடிப்பக்கத்தில் கல் கட்டுவோமே, அந்தப் பாரத்துக்கு மட்டும் சொல் அகப்படவில்லை.

'எதிர்நிறை' என்று ஒரு பிள்ளை எழுதியது. எனக்கு அது பிடித்திருக்கிறது. இன்னொருவர் 'ஈடுகட்டும் நிறை' என்கிறார். ஈடுகட்டுவது நட்டத்துக்குத்தானே வரும்? அதோடு கல் வாளிக்கு முழுச் சமனாக நிற்பதுமில்லை. வெறும் வாளியை இறக்கக் கொஞ்சம் இழுக்க வேண்டும், நிறைந்த வாளியை ஏற்றவும் கொஞ்சம் தூக்க வேண்டும். துலாமரத்தின் பாரத்தை விட்டுவிட்டால், வாளியின் பாரமும் தண்ணீரில் பாதியும் சேர்ந்த அளவுக்குக் கல் இருந்தால் இரண்டுக்கும் ஒரே பலம் போதும். கல் வாளியை விட அச்சுலக்கைக்குக் கிட்ட இருந்தால் இன்னும் கூட்ட வேண்டும்.

'சமப்படுத்தும் நிறை' என்று போட்டால் பிழையா? துலா மிதித்த அப்புமார் வீட்டில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கோ. வலிகாமத்தில் ஒன்று, வடமராட்சியில் வேறொன்று என்றால் இரண்டையும் எழுதுங்கோ. வெள்ளிக்கிழமை அட்டை அச்சுக்குப் போகிறது.