4 பேர், 16 நாள், 7 நகரம்: தண்டையார்பேட்டையிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்கு முதுகுப்பைப் பயணம் சாத்தியமா?

தண்டையார்பேட்டைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஒரே தெருவில் வளர்ந்த நண்பர்கள் நால்வர், வரும் ஜனவரியில் பொங்கல் விடுமுறையோடு சேர்த்து 16 நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, முதுகில் ஒரு பையை மட்டும் மாட்டிக்கொண்டு தென்கிழக்கு ஆசிய நகரங்களைச் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். எங்களில் எவரும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. தலைக்கு 80,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். விமானக் கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக், சியெம் ரீப், ஹோ சி மின் நகரம், ஹனோய் என்று ஏழு நகரங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறோம்.

எங்களுக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. நால்வரில் ஒருவன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறான். அவனுடைய கடவுச்சீட்டில் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று அச்சிட்டிருக்கிறது. பாங்காக் வழியாகக் கணினி வேலைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டு அடைத்து வைக்கப்பட்ட பையன்களைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, அவனுடைய அம்மா பயணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். மற்றொருவன், வியட்நாமில் பைக் வாடகைக்கு எடுத்து நாடு முழுவதும் ஓட்டியே தீர வேண்டும் என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கல்மண்டபத்துப் பயணி:

தம்பி, உங்கள் பட்டியலை முதலில் பாதியாகக் குறையுங்கள். 16 நாட்களில் ஏழு நகரங்கள் என்றால் சராசரியாக இரண்டு நாளுக்கொரு முறை பையைக் கட்ட வேண்டும். ஊரைப் பார்த்த நேரத்தைவிட விமான நிலையத்தில் செருப்பைக் கழற்றி மாட்டிய நேரம்தான் அதிகமாக இருக்கும். 2023இல் ஐந்து பேராகப் போன நாங்கள் செய்த தவறு இதுதான். ஒன்பதாவது நாளில் எங்களில் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். தூக்கமின்மையைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை.

சிங்கப்பூரை இம்முறை விட்டுவிடுங்கள். இந்தியர்களுக்கு அங்கே முன்கூட்டியே விசா வேண்டும், தங்கும் செலவும் மற்ற நகரங்களைவிடப் பன்மடங்கு அதிகம். மலேசியாவோ 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாட்கள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. தாய்லாந்தும் விசா விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் எத்தனை நாள் என்பதை அந்நாடு அவ்வப்போது மாற்றக்கூடியது என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் வாரத்தில் தூதரகத்தின் தளத்தை ஒருமுறை பாருங்கள். இரண்டு நாடுகளிலும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அது இலவசம்தான், அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் போலியானவை அல்லது தரகர்களுடையவை.

நான் சொல்லும் வழி, கோலாலம்பூரில் இறங்கிப் பாங்காக் வரை இரயிலிலேயே செல்வது. கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார விரைவு இரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அங்கே நிலையத்திலிருந்து நடந்து சென்று படகில் ஏறினால், கடலைக் கடந்து பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இறங்கலாம். நம் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் 1911இல் அமைந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் அதற்கும் நூறாண்டுக்கு மேல் மூத்தது, மூன்றாம் ஜார்ஜின் பெயரைக் கொண்டது. பெயர் மட்டுமல்ல, தெருக்களும் மண்ணடியை நினைவூட்டும். 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில், சீனர்களின் கருணைத் தெய்வக் கோவில், ஆங்கிலேயர் கட்டிய தேவாலயம் ஆகிய நான்கையும் ஒரு மணி நேரத்திற்குள் நடந்தே பார்த்துவிடலாம். பசித்தால் நாசி கண்டார் சாப்பிடுங்கள். தோளில் காவடித் தண்டு சுமந்து சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த உணவு அது.

என் தாத்தா இதே பினாங்குக்கு ரஜூலா கப்பலில் போனவர். இராயபுரத்துப் பக்கம் வயதானவர்களைக் கேட்டால் அந்தப் பெயர் இன்னும் நினைவிருக்கும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வாரம் போனதாகத் தாத்தா சொல்வார். இன்று விமானத்தில் நான்கு மணி நேரம் உட்கார்வதற்கே நமக்கு முதுகு வலிக்கிறது.

பினாங்கிலிருந்து மீண்டும் பட்டர்வொர்த் வந்து, உள்ளூர் இரயிலில் எல்லை நிலையமான பாடாங் பெசாருக்குச் செல்லுங்கள். இரு நாட்டுச் சோதனைகளும் அந்த நிலையத்துக்குள்ளேயே முடிந்துவிடும். மாலையில் அங்கிருந்து புறப்படும் படுக்கை வசதி கொண்ட தாய்லாந்து இரயில் மறுநாள் முற்பகலில் பாங்காக்கை அடையும். ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சமாகும். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது என்பதை மறந்து ஒருமுறை நான் நடைமேடையில் வீணாகப் பதறியிருக்கிறேன். இரயில் நிற்குமிடம் பழைய ஹுவா லாம்போங் நிலையம் அல்ல. 2023 ஜனவரி முதல் நெடுந்தூர இரயில்கள் குருங் தேப் அபிவத் என்ற புதிய முனையத்துக்குத்தான் வருகின்றன.

கம்போடியாவின் சியெம் ரீப்பைத் தரைவழியாக அடையலாம் என்று பழைய வலைப்பதிவுகளில் படித்திருப்பீர்கள். 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் மோதல் மூண்டதிலிருந்து அந்த எல்லை வழிகள் மூடப்பட்டன. சியெம் ரீப்பை ஒட்டியுள்ள அங்கோர் வாட் மூன்று நாளாவது கேட்கும் இடம்; ஒரு நாள் சீட்டே 37 டாலர். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கோவிலை ஓட்டமாக ஓடிப் பார்ப்பதைவிட, இன்னொரு முறை அதற்கென்றே போவது நல்லது.

இராயபுரம் எழுத்தர்:

உங்கள் நண்பரின் கடவுச்சீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட உங்கள் வழியைத் தீர்மானிக்கப் போவது அதுதான். நம் ஊரில் இ.சி.ஆர். என்றால் மாமல்லபுரம் போகும் சாலை. கடவுச்சீட்டில் அதன் பொருள் வேறு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாக இருந்தால், ஏமாற்றப்படாமல் இருக்க அரசின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. வியட்நாமும் கம்போடியாவும் இல்லை.

சுற்றுலாவுக்குச் செல்பவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் இவர் சுற்றுலாவுக்குத்தான் போகிறார் என்று சென்னை விமான நிலையத்தில் குடியுரிமைச் சோதனை அதிகாரி நம்ப வேண்டும். என் தம்பியை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அரை மணி நேரம் தனியே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவனிடம் திரும்பி வரும் பயணச்சீட்டு இருந்தது. ஆனால் எந்த ஊரில் எத்தனை நாள் என்று கேட்டபோது, "எல்லாம் நண்பனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டான். வேலைக்கு ஆள் கடத்துகிறவர்கள் கூட்டிப்போகும் பையன்கள் சொல்லும் பதிலும் அச்சு அசலாக இதுதான் என்பதை யோசித்துப் பாருங்கள். கூட வந்தவர்கள் அதற்குள் சோதனையைத் தாண்டி உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

ஆகவே நால்வரும் ஒரே வரிசையில் நில்லுங்கள். உங்கள் நண்பர் முதலில் போகட்டும். திரும்பும் பயணச்சீட்டு, விடுதி முன்பதிவுகள், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம் ஆகியவற்றை அவர் தம் கையிலேயே காகிதமாக வைத்திருக்க வேண்டும். எந்த நகரத்துக்குப் பின் எந்த நகரம் என்பதை அவர் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவர் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவராகவோ வருமான வரி கட்டுபவராகவோ இருந்தால், அந்தச் சான்றுகளைக் காட்டி இ.சி.ஆர். குறிப்பு இல்லாத கடவுச்சீட்டுக்கே மறுவிண்ணப்பம் செய்யலாம்.

அம்மாவின் அச்சத்தைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் பாங்காக்கில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக மியான்மர் எல்லையிலுள்ள மியாவாடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் வேலை வாங்கப்பட்டார்கள் என்பது நடந்த கதை. அதில் சிக்கியவர்களுக்கெல்லாம் சீட்டு எடுத்துக் கொடுத்தது வேறொருவர். உங்கள் பயணத்தில் அப்படி யாரும் இல்லை என்பதை அவருக்குக் காட்டுங்கள். வழியில் பழகும் எவராவது வேலை, சம்பளம், எல்லைப்புற ஊர் என்று பேச்செடுத்தால் அங்கேயே விலகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம்மவர் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். விமானச் சீட்டு எடுக்கும் தளம் அதைக் கட்டாயம் கேட்கும்போது இனிஷியலை எழுதி நிரப்பிவிடாதீர்கள். அந்த விமான நிறுவனம் என்ன எழுதச் சொல்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

பர்மாக்காரர் பேத்தி, வியாசர்பாடி:

அண்ணன்மார் வழியும் தாளும் சொல்லிவிட்டார்கள். நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் பாட்டி 1964இல் இரங்கூனிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தவர். பர்மா பஜார் பக்கம் மாலையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டு, வாழைத்தண்டு சூப்பைக் கூடவே குடித்து வளர்ந்த நாக்குக்குத் தென்கிழக்கு ஆசியச் சாப்பாடு அந்நியமே அல்ல. நூடுல்ஸ், புளிப்பு, வறுத்த வெங்காயம், காரத் தூள் என்று சேர்மானம் எல்லாம் ஏற்கெனவே நமக்குப் பழகியவைதான்.

பழகாதது மீன் சாறு. தாய்லாந்திலும் வியட்நாமிலும் காய்கறிப் பொரியலில்கூட அது சேரும் என்பதால், உங்களில் சைவம் யாராவது இருந்தால் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது போதாது. தாய்லாந்தில் "ஜே" என்று எழுதிய மஞ்சள் கொடி தொங்கும் கடையையும், வியட்நாமில் "சாய்" என்ற சொல் பலகையில் உள்ள கடையையும் தேடுங்கள். பாங்காக்கில் சீலோம் சாலையிலுள்ள மாரியம்மன் கோவிலுக்குப் போனால் நம்மைவிடத் தாய்லாந்து மக்கள்தாம் வரிசையில் அதிகம் நிற்பார்கள். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இட்லி, தோசையும் கிடைக்கும். ஆனால் மூன்றாவது நாளே அதைத் தேடிப் போனால் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று என் பாட்டி திட்டுவார்.

திருவொற்றியூர் மெக்கானிக்:

பைக் ஆசை உள்ள தம்பிக்கு மட்டும். நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் 1949ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படியான உரிமத்தை. ஆகவே அங்கே நீங்கள் ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகவே பொருள். வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்க மாட்டார். விபத்து நடந்த பிறகுதான், உரிமம் செல்லாது என்ற காரணத்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கும். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் தாய்லாந்தில், இருசக்கர வாகனப் பிரிவு குறிக்கப்பட்ட பன்னாட்டு உரிமத்தோடு, தலைக்கவசம் அணிந்து ஓட்டட்டும். கடவுச்சீட்டை அடமானமாகக் கேட்கும் கடையில் எடுக்க வேண்டாம்.

பணத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. வியட்நாமின் 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டுமே நீல நிறம். இரவில் ஒரு தேநீருக்கு நான் எதைக் கொடுத்தேன் என்று காலையில்தான் தெரிந்தது. பொதுச் செலவுக்கு ஒரே பை வைத்து, நால்வரும் மூன்று நாளுக்கு ஒருமுறை சம பங்கு போடுங்கள். கணக்குப் பார்ப்பவர் நகரத்துக்கு ஒருவராக மாறட்டும். ஒருவரே கடைசி வரை கணக்கு வைத்தால் அவர் பயணம் போனதாகவே இருக்காது.

தண்டையார்பேட்டைக்காரன்:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு நால்வரும் உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினோம். கோலாலம்பூரில் மூன்று இரவு, பினாங்கில் மூன்று இரவு, இரயிலில் ஓர் இரவு, பாங்காக்கில் நான்கு இரவு, பிறகு விமானத்தில் ஹனோய் சென்று நான்கு இரவு, அங்கிருந்து திரும்புவது என்று முடிவு. வியட்நாமுக்கு ஒருமுறை நுழையும் இ-விசா 25 டாலர் என்று பார்த்தோம். பைக் ஆசைக்காரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். உரிம விஷயத்தைப் படித்ததும் ஹனோயில் மிதிவண்டி போதும் என்கிறான்.

காசிமேட்டு நண்பனுக்கு ஐ.டி.ஐ. சான்று இல்லை. அதனால் இராயபுரம் அண்ணன் சொன்ன தாள்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டான். படகு உரிமையாளரும் விடுப்புக் கடிதம் தர ஒப்புக்கொண்டார். அவனுடைய அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. திரும்பி வரும் சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறேன் என்கிறார்.

ஒரு சிறு கேள்வி மீதி இருக்கிறது. எங்கள் விமானம் நள்ளிரவுக்குப் பிறகு புறப்படுகிறது. மெட்ரோவில் போகலாமா?

இராயபுரம் எழுத்தர்:

போகலாம். தண்டையார்பேட்டை நிலையத்தில் ஏறினால் நீல வழித்தடம் இறங்காமலே விமான நிலையம் வரை கொண்டுபோய் விடும். கடைசி இரயிலை நம்பாமல் இரவு எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். தேதியைக் கவனியுங்கள்: 12:30 மணி விமானம் என்றால் அதற்கு முந்தைய நாள் இரவே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், இந்தக் குழப்பத்தில் சீட்டை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். திரும்பும் சீட்டை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அதன் பின்பக்கத்தில் நான்கு விடுதிகளின் முகவரியையும் தமிழில் எழுதுங்கள்.