யுடிலிட்டி கம்பெனிக்கு சாஃப்ட்வேர் கான்ட்ராக்ட் பேசினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மீட்டர் மேசை:

கரண்ட், தண்ணி, கேஸ் சப்ளை பண்ற கம்பெனிகளுக்காக வெண்டர்கூட உக்காந்து பேசுறது தான் என் வேலை. பேச்சுன்னு வந்துட்டா மேல இருக்கவங்க முதல்ல கேக்குறது டிஸ்கவுன்ட் எத்தனை பர்சன்ட்னு தான். வெண்டரோட நிதியாண்டு முடியுற நேரத்துல அவங்களே இறங்கி வருவாங்க, ஆரக்கிளுக்கு மே 31, மைக்ரோசாஃப்ட்டுக்கு ஜூன் 30, எஸ்ஏபிக்கு டிசம்பர் 31, அந்தத் தேதிய மனசுல வச்சுப் பேசினா விலை குறையுறது உண்மை தான். ஆனா நான் பார்த்தவரைக்கும் விலைல ஜெயிச்சுட்டு எண்ணிக்கைல பறிகொடுத்த கான்ட்ராக்ட் தான் அதிகம். லைசென்ஸ் எதை வச்சு எண்ணுறாங்க, அத யாரு எண்ணுறாங்க, எந்தத் தேதில எண்ணுறாங்க, இந்த மூணும் தான் பத்து பதினைஞ்சு வருஷத்துக்கு நம்ம செலவைத் தீர்மானிக்குது.

ஒரு இடத்துல பில்லிங் சாஃப்ட்வேர், ஒரு மீட்டருக்கு இவ்வளவுன்னு ரேட். கேக்க எளிமையா இருக்கும். மீட்டர்னா என்னன்னு கான்ட்ராக்டோட கடைசி இணைப்புல ஒரே வரி, "சிஸ்டத்தில் பதிவான மீட்டர்". அதுக்கப்புறம் பழைய மீட்டரைக் கழட்டிட்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்ட ஆரம்பிச்சாங்க. கழட்டின மீட்டரை சிஸ்டத்துல இருந்து அழிக்க முடியாது, ஏன்னா கடைசி ரீடிங் மேல கஸ்டமர் தகராறு பண்ணினா காட்டணும். வருஷாந்திரக் கணக்குக்கு வெண்டர் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டி ஷீட் அனுப்பினாங்க, திறந்து பார்த்தா ஒரே முகவரி ரெண்டு வரில நிக்குது, மேல் வரில கழட்டின தேதி இருக்கு, கீழ் வரில காலியா இருக்கு, ரெண்டுக்கும் காசு கேக்குறாங்க. கூரைல சோலார் போட்ட வீடுகளுக்கு வாங்குறது ஒரு சேனல், திருப்பி அனுப்புறது ஒரு சேனல், அதையும் ரெண்டா எண்ணியிருந்தாங்க. கனெக்‌ஷன் துண்டிச்ச வீடு, பூட்டிக் கிடக்குற வீடு, தற்காலிக சர்வீஸ் எல்லாமே உள்ள. வரி வரியா ஸ்டேட்டஸ் கோடு பார்த்துப் பிரிச்சுக் குடுத்து தான் அந்த பில்லைக் குறைச்சோம், ஆனா கான்ட்ராக்ட் வாசகம் அவங்க பக்கம் இருந்ததால முழுசா குறைக்க முடியல.

அதனால இப்பல்லாம் நான் எழுதுறது "அந்த பில்லிங் சுற்றில் பில் போன சர்வீஸ் பாயின்ட்", அதாவது சப்ளை போற இடம், அதோட எது எதெல்லாம் சேராதுன்னு ஒரு பட்டியல், எண்ணுற ஸ்கிரிப்டே இணைப்புல. ஸ்கிரிப்ட் இணைப்புல இருக்கணும்னு சொன்னா சேல்ஸ் ஆளுங்க முகம் மாறும், விட்டுக் குடுக்காதீங்க.

எண்ணிக்கை எப்படி வீங்கும்னா, 15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுக்குற ஸ்மார்ட் மீட்டர் ஒரு நாளைக்கு 96 ரீடிங் தரும், வருஷத்துக்கு 35,040. முன்னாடி மாசம் ஒண்ணுன்னா வருஷத்துக்கு 12. பத்து லட்சம் மீட்டர்னா ஒரு நாளைக்கே 9.6 கோடி. இந்த நிலைமைல "ட்ரான்ஸாக்‌ஷனுக்கு இவ்வளவு", "ஏபிஐ காலுக்கு (ஒரு சிஸ்டம் இன்னொரு சிஸ்டத்தை ஒரு தடவை கூப்பிடுறதுக்கு) இவ்வளவு"ன்னு இருக்குற கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, 2023 ஜனவரில ஆரக்கிள் ஜாவா சப்ஸ்கிரிப்ஷனை மொத்த ஊழியர் எண்ணிக்கைக்கு மாத்தினாங்க. பார்ட் டைம், டெம்பரரி, உள்வேலைக்கு உதவுற கான்ட்ராக்டரோட ஆளுங்க எல்லாரும் கணக்குல வருவாங்க. நம்ம மாதிரி இடத்துல ஆபீஸ்ல உக்காந்திருக்கவங்களை விட கம்பத்துல ஏறுறவங்களும் குழி தோண்டுறவங்களும் பம்ப் ஹவுஸ்ல இருக்கவங்களும் அதிகம், ஜாவாவையே பார்க்காத ஆளுக்கும் சேத்து கட்டணும். எந்த அப்ளிகேஷனுக்குள்ள ஜாவா இருக்கு, அதுக்கு அந்த அப்ளிகேஷன் வெண்டரே லைசென்ஸ் தர்றாங்களா, இல்ல ஜாவாவோட இலவச வடிவமான ஓபன்ஜேடிகேக்கு மாறலாமான்னு பார்த்துட்டு அப்புறம் பேச உக்காருங்க.

மத்தவங்க பார்த்ததையும் எழுதுங்க.

கன்ட்ரோல் ரூம்:

சார் சொன்ன எண்ணிக்கை விஷயம் எங்க பக்கம் புயல் நேரத்துல வந்து நின்னுச்சு. நான் அவுட்டேஜ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் பக்கம் இருக்கேன், எங்க எங்க கரண்ட் போச்சு, எந்த குரூப் எங்க போகுதுன்னு காட்டுற சாஃப்ட்வேர். பெரிய புயல்னா மத்த கம்பெனில இருந்தெல்லாம் லைன் ஆளுங்க உதவிக்கு வருவாங்க, அவங்களுக்கும் டேப்ல வேலை உத்தரவு தெரியணும், அதுக்கு லாகின் வேணும். எங்க கான்ட்ராக்ட் நேம்டு யூசர் லைசென்ஸ், ஒரு பேருக்கு ஒண்ணு. வந்தவங்க எண்ணிக்கை எங்க லைசென்ஸ் எண்ணிக்கையைத் தாண்டிப் போயிடுச்சு, வெண்டரோட அக்கவுன்ட் மேனேஜர் கூடுதல் லைசென்ஸுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புங்கன்னு மெயில் போடுறாங்க, இங்க ஆஸ்பத்திரிக்குப் போற ஃபீடர் லைன்ல இன்னும் கரண்ட் வரல. கடைசில சூப்பர்வைசருங்க பேப்பர்ல எழுதிக் குடுத்து தான் ஆளுங்களை அனுப்பினாங்க. லைவ் லைன் பக்கத்துல வேலை பார்க்குறவனுக்கு எந்த ஸ்விட்ச் திறந்திருக்குன்னு ஸ்கிரீன்ல தெரியாம பேப்பரை நம்பி அனுப்புறது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு இந்த வேலைல இருக்கவங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னமும் அதுல கோபம் இருக்கு.

அடுத்த ரினியூவல்ல முதல் கோரிக்கையா இதை வச்சோம். அவசரநிலை அறிவிச்ச நாள்ல இருந்து முடிஞ்சு 30 நாள் வரைக்கும் யூசர் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, அந்த நாட்களோட எண்ணிக்கை வருஷக் கணக்குல சேராது, அவசரநிலைய அறிவிக்கிறது நாங்க, வெண்டர் இல்ல. இந்தக் கடைசி வரிக்குத் தான் ரொம்ப இழுத்தாங்க.

அப்புறம் எஸ்எல்ஏ, அதாவது சிஸ்டம் எவ்வளவு நேரம் ஓடணும்னு வெண்டர் எழுதித் தர்ற உறுதி. 99.9 பர்சன்ட்னு எழுதியிருந்தா திருப்தியா தலையாட்டிடுறோம். 30 நாள் மாசத்துக்கு அது 43 நிமிஷம் சிஸ்டம் படுத்துக்கலாம்னு அர்த்தம், 99.5னா 3 மணி 36 நிமிஷம். அந்த நிமிஷம் எல்லாம் புயல் அன்னிக்கே போனாலும் வெண்டர் எஸ்எல்ஏவ மீறல. மெயின்டனன்ஸ் விண்டோ, அதாவது பராமரிப்புக்காக முன்னாடியே சொல்லி நிறுத்துற நேரம், அதுல சேராதுன்னும் தனியா ஒரு வரி இருக்கும். எங்களுக்கு மாச சராசரி தேவையில்ல, அவசரநிலை நாள்ல தனி அளவு வேணும், அன்னிக்கு எந்த அப்டேட்டும் போடக்கூடாது, ஃபோன் எடுக்குறது இன்ஜினியரா இருக்கணும்னு எழுதி வாங்கினோம். சர்வீஸ் கிரெடிட்ன்ற பேர்ல மாசக் கட்டணத்துல 5 பர்சன்ட் கழிச்சுத் தர்றதெல்லாம் ஊரே இருட்டுல இருக்கும்போது ஒண்ணுக்கும் உதவாது.

புதுசா சேர்ந்தவன்:

அண்ணே, அக்கா, ஒரு சந்தேகம். நான் இப்ப தான் ப்ரொக்யூர்மென்ட்ல சேந்திருக்கேன். எங்க கஸ்டமர் போர்ட்டல் வேற கம்பெனி செஞ்சது, அது உள்ள இருக்குற பில்லிங் சிஸ்டம்ல இருந்து பில் தொகைய எடுத்துக் காட்டும். கஸ்டமர் யாரும் பில்லிங் சிஸ்டம்ல லாகின் பண்றதில்ல. இதுக்கும் லைசென்ஸ் கேப்பாங்களா?

லைசென்ஸ் கணக்கு:

கேப்பாங்க தம்பி, கேட்டும் இருக்காங்க. 2017 பிப்ரவரில இங்கிலாந்து ஹைகோர்ட்ல எஸ்ஏபிக்கும் டியாஜியோவுக்கும் நடந்த கேஸோட தீர்ப்ப தேடிப் படி. டியாஜியோ மதுபானக் கம்பெனி தான், ஆனா விஷயம் அப்படியே நீ கேக்குறது. சேல்ஸ்ஃபோர்ஸ்ன்ற வேற கம்பெனி சாஃப்ட்வேர் மேல கட்டின ரெண்டு அப்ளிகேஷன் வழியா அவங்க சேல்ஸ் ஆளுங்களும் கஸ்டமர்களும் எஸ்ஏபில இருக்குற டேட்டாவ மறைமுகமா தொட்டாங்க, அதுக்கும் லைசென்ஸ் வேணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. எஸ்ஏபி கேட்ட தொகை 5.4 கோடி பவுண்டுக்கு மேல. அதுக்கப்புறம் எழுந்த சத்தத்துல 2018ல உருவாகுற டாக்குமென்ட்டை வச்சு எண்ணுற டிஜிட்டல் ஆக்சஸ் முறைய எஸ்ஏபி கொண்டு வந்தாங்க.

நம்ம இடத்துல பில்லிங் சிஸ்டத்தைத் தொடாத சிஸ்டமே கிடையாது. போர்ட்டல், மொபைல் ஆப், ஃபோன்ல தானா பதில் சொல்ற ஐவிஆர், மீட்டர் டேட்டா சிஸ்டம், லைன் எங்க போகுதுன்னு வரைபடத்துல காட்டுற ஜிஐஎஸ், பேமென்ட் கேட்வே, எல்லாம் ஏதோ ஒரு இன்டக்ரேஷன் யூசர் பேர்ல உள்ள போய் வருது. பேச்சுவார்த்தைக்கு முன்னாடி ஆர்க்கிடெக்ட்ட உக்கார வச்சு ஒரே பக்கத்துல படம் போட்டு வாங்கு, எந்த அம்புக்குறி எந்தப் பக்கம் போகுது, படிக்கிறதா எழுதுறதான்னு. அந்தப் படத்தையே கான்ட்ராக்ட்ல இணைச்சு "இந்த உபயோகம் அனைத்தும் கட்டணத்தில் அடங்கும்"னு எழுதச் சொல்லு. வாயால "அதெல்லாம் பிரச்சனை இல்ல சார்"னு சொல்லுவாங்க, சொன்னவங்க அடுத்த வருஷம் வேற கம்பெனில இருப்பாங்க, ஆடிட் டீம் மட்டும் வரும்.

ஆடிட்டுக்கும் வரம்பு போடு. வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல கூடாது, முன்கூட்டி எழுத்துல தகவல், ஸ்காடா (சப் ஸ்டேஷன் மாதிரி இடங்களை தூரத்துல இருந்து கண்காணிச்சு இயக்குற சிஸ்டம்) நெட்வொர்க்ல எந்த டூலும் ஓட்டக் கூடாது, பாக்கி இருந்தா கான்ட்ராக்ட் ரேட்ல தான் கட்டுவோம், லிஸ்ட் ப்ரைஸ்ல இல்ல. மெயின்டனன்ஸையும் மறந்துடாத. வருஷத்துக்கு 22 பர்சன்ட்னா அஞ்சு வருஷத்துக்குள்ள லைசென்ஸ் வாங்கின காசு இன்னொரு தடவை போயிடும், அதுல வருஷா வருஷம் ஏத்துறதுக்கு உச்சவரம்பு இல்லாம விட்டா இன்னும் மோசம்.

ஸ்காடா பக்கம்:

மேல சொன்னதெல்லாம் ஐடி பக்கம், எங்க பக்கம் வேற மாதிரி. சப் ஸ்டேஷன்ல ஒரு சிஸ்டம் வச்சா 15, 20 வருஷம் ஓடும், அதுக்குள்ள கீழ இருக்குற ஆப்பரேட்டிங் சிஸ்டம் பல தடவை செத்துப் பொழைக்கும். பேட்ச் (ஓட்டைய அடைக்கிற அப்டேட்) போட்டா வாரன்ட்டி போயிடும்னு வெண்டர் சொல்லுவாங்க, போடலன்னா செக்யூரிட்டி டீம் விடாது, நடுவுல மாட்டுறது நாங்க. அதனால புது பேட்ச் வந்து எத்தனை நாளுக்குள்ள வெண்டர் டெஸ்ட் பண்ணி சரின்னு எழுதித் தரணும்னு கான்ட்ராக்ட்லயே நாள் போடணும். 2023 நவம்பர்ல பிராட்காம், ஒரே மெஷின்ல பல சர்வர் ஓட்ட உதவுற சாஃப்ட்வேர் செய்ற விஎம்வேரை வாங்கி, டிசம்பர்லயே நிரந்தர லைசென்ஸ் விக்கிறதை நிறுத்தினாங்க, அப்ப ஸ்காடா வெண்டர் குடுத்த பெட்டிக்குள்ள இருக்குற விஎம்வேருக்கு யாரு காசு கட்டுறதுன்னு எங்க கான்ட்ராக்ட்ல ஒரு வார்த்தை இல்ல, அந்தப் பஞ்சாயத்து ரொம்ப நாள் ஓடுச்சு.

செக்யூரிட்டி ஷரத்து எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாதவங்களுக்கு, வட அமெரிக்கால மின் கட்டமைப்புக்கு விதி போடுற நெர்க் அமைப்போட சிஐபி-013, 2020 அக்டோபர்ல அமலுக்கு வந்தது, நல்ல தொடக்கம், உங்க இடத்துக்கு அது பொருந்தலன்னாலும் எடுத்துப் படிங்க. வெண்டர் பக்கம் ஏதாவது நடந்தா சொல்லணும், ஓட்டை தெரிஞ்சா மறைக்கக் கூடாது, ரிமோட் ஆக்சஸ் இருந்த ஆளுக்கு அது இனிமே தேவையில்லன்னா தகவல் தரணும், சாஃப்ட்வேர் அசலானதான்னு சரிபார்க்க வழி இருக்கணும்னு வாங்குறதுக்கு முன்னாடியே யோசிக்க வைக்குது. வேலைய விட்டுப் போன வெண்டர் இன்ஜினியரோட அக்கவுன்ட் எங்க ஜம்ப் சர்வர்ல (வெளிய இருந்து உள்ள வர்றவங்க நுழையுற சர்வர்) உயிரோட இருந்ததை நான் கண்ணால பார்த்திருக்கேன், அதனால தான் இவ்வளவு சொல்றேன்.

ஃபைனான்ஸ் டெஸ்க்:

ஒரே ஒரு விஷயம். கட்டணத்தை ரெகுலேட்டர் நிர்ணயிக்கிற கம்பெனில சொந்த சர்வர் வாங்கினா அது மூலதனம், அதுக்கு ரிட்டர்ன் கிடைக்கலாம், க்ளவுட் சப்ஸ்கிரிப்ஷன்னா அது பெரும்பாலும் நடப்புச் செலவு. 2021 ஏப்ரல்ல ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேச கணக்கு எழுதும் விதிகள்) விளக்கக் குழு வெளியிட்ட முடிவுப்படி க்ளவுட் சாஃப்ட்வேரை நமக்கேத்த மாதிரி அமைக்கிற செலவையும் பெரும்பாலான நேரம் சொத்தா காட்ட முடியாது. இது தெரியாம டெக்னிக்கல் டீம் க்ளவுட்டுக்கு ஓகே சொல்லி, கான்ட்ராக்ட் முடிஞ்ச அப்புறம் பட்ஜெட்ல இடி விழுந்த கதை நிறைய. எங்களை முதல் மீட்டிங்லயே கூப்பிடுங்க.

ரினியூவல் காலண்டர்:

எல்லாரும் கையெழுத்துக்கு முன்னாடி நடந்ததைச் சொல்றீங்க, நான் பாக்குறது அதுக்கப்புறம். நான் சேந்தப்ப கான்ட்ராக்ட் ஒரு பீரோல, திருத்தம் ஒருத்தர் மெயில்ல, விலைப் பட்டியல் ரிட்டயர் ஆனவர் லேப்டாப்ல. ரினியூவல் வேண்டாம்னா 90 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும்னு இருந்தது யாருக்கும் தெரியாம, யாரும் உபயோகிக்காத ஒரு மாட்யூல் தானா மூணு வருஷத்துக்கு நீண்டிருந்துச்சு. இப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரே பக்கச் சுருக்கம் வச்சிருக்கேன், நோட்டீஸ் தேதி, எண்ணுற முறை, உச்சவரம்பு, யார் பொறுப்பு. நோட்டீஸ் தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே பேச ஆரம்பிப்போம், பில்லிங் சிஸ்டம் மாத்த வருஷக்கணக்கா ஆகும்னு வெண்டருக்கும் தெரியும், மூணு மாசம் இருக்கும்போது போனா நம்ம பேச்சு எடுபடாது.

வெளிய வர்ற ஷரத்து ரொம்ப முக்கியம். மீட்டர் டேட்டா மேனேஜ்மென்ட் ஒண்ணுல இருந்து வெளிய வந்தப்ப, டேட்டா உங்களுது தான்னு வெண்டர் ஒத்துக்கிட்டாங்க, ஆனா தந்த ஃபைல்ல எந்த ரீடிங் மீட்டர்ல இருந்து வந்தது, எது சிஸ்டம் உத்தேசமா போட்டு நிரப்பினதுன்னு சொல்ற குறியீடு இல்ல. அது இல்லாம பழைய பில்லை யாரு கேட்டாலும் நம்மால நியாயப்படுத்த முடியாது. அந்தக் குறியீடு இருக்குற நெடுவரிசையைத் தனியா எடுத்துத் தர காசு கேட்டாங்க, கட்டினோம். இப்ப எழுதுற எல்லா கான்ட்ராக்ட்லயும் ஃபைல் ஃபார்மட்டை ஒவ்வொரு நெடுவரிசையா பேரோட போடுறோம், வருஷத்துக்கு ஒரு தடவை முழு டேட்டாவையும் எடுத்து வேற டேட்டாபேஸ்ல ஏத்திப் பார்க்குற உரிமையும் இருக்கு. போன தடவை ஏத்தினப்ப நேர மண்டலம் ஒரு மணி நேரம் தள்ளி வந்துச்சு, வெண்டர் சரி பண்ணித் தந்தாங்க, கான்ட்ராக்ட் நடப்புல இருந்ததால தனி பில் வரல.