ஸ்லீவ் செய்தவருக்கு மறு அறுவை: யாரிடம் போவது?

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 43, மதுரையில் இருக்கிறோம். 2018-ல் ஸ்லீவ் செய்தோம், அதாவது எடை குறைக்க இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுக்கும் அறுவை. 118 கிலோவிலிருந்து 79-க்கு வந்தார். இப்போது மறுபடி 101. எடையைக்கூடப் பொறுத்துக்கொள்வார், நெஞ்செரிச்சல்தான் தாங்க முடியவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூக்கம். நடுராத்திரியில் புளித்த நீர் தொண்டைக்கு ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கே பயமாக இருக்கிறது.

ஒரு மருத்துவர் எண்டோஸ்கோபிகூடப் பார்க்காமல், ‘மறுபடி ஸ்லீவே செய்துவிடலாம், அடுத்த வாரம் வாங்க’ என்றார். மனம் ஒப்பவில்லை. இன்னொருவர், இவ்வளவு எதுக்களிப்பு இருக்கும்போது ரூ-என்-ஒய் பைபாஸாக, அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் அறுவையாக, மாற்றுவதே சரி என்கிறார். அப்புறம் ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை வேண்டும். சரி, அது பரவாயில்லை. மறு அறுவையில் தைத்த இடம் கசியும் ஆபத்து முதல் தடவையைவிட அதிகம் என்பதுதான் கலக்கம்.

இப்படி மாற்றிக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதுக்களிப்பு உண்மையிலேயே நின்றதா? மறு அறுவைகளில் நல்ல அனுபவமுள்ள மருத்துவர் மதுரை, கோவை, சென்னையில் இருந்தால் சொல்லுங்கள். இதுவரை எத்தனை செய்திருக்கிறார், எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்று அவரிடமே நேராகக் கேட்கலாம்தானே?