கிராஜுவேஷன்: நாடுகளுக்கு என்ன சொல் வைப்பது?

வணக்கம். வளர்ச்சியியல் சொல்லடைவில் 'கிராஜுவேஷன்' இடிக்கிறது. ஒரு நாடு வளர்ந்து, ஏழை நாடுகளுக்கான பட்டியலையோ சலுகையையோ விட்டு வெளியேறுவதைச் சொல்வது அது. 'பட்டம் பெறுதல்' என்றால் நகைப்புக்கிடம். 'தரமுயர்வு' போதுமா?

— ந.

> 'தரமுயர்வு' போதுமா?

போதாது ஐயா. பள்ளியைத் தரமுயர்த்தினால் கூடுதலாக ஏதாவது கிடைக்கும். இங்கே கையில் இருப்பது போகிறது. வங்கதேசத்தையே பாருங்கள். 1975 முதல் ஐ.நா.வின் மிகக்குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலில் இருக்கிறது. வருமானம், மனிதவளம், பாதிப்புறுநிலை என்ற மூன்று அளவுகோல்களையும் 2018 மீளாய்வில் எட்டியது, 2021இல் மறுபடியும் எட்டியது. அதற்குப் பிறகும் ஐந்தாண்டு ஆயத்தம் கொடுத்து, பொதுச்சபை குறித்த நாள் 2026 நவம்பர் 24. அதனால் 'வரம்புகடப்பு' என்று முன்பு யாரோ சொன்னதும் சரிவராது. வரம்பைத் தாண்டுவது ஒரு கட்டம், வெளியே வருவது வேறு கட்டம்.

போவது எது? ஐரோப்பிய ஒன்றியத்தில் வரியில்லா நுழைவு, வெளியேறி மூன்றாண்டு வரை நீடிக்கும். பிறகு ஆடைகளுக்குத் தோற்றவிதி, அதாவது பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதி, இறுகும். இப்போது இறக்குமதித் துணியை வெட்டித் தைத்தாலே சலுகை உண்டு. பொதுவிதிக்கு வந்துவிட்டால் துணியையும் உள்ளூரில் ஆக்கியிருக்க வேண்டும். பின்னலாடைக்காரர் ஓரளவு தப்பிப்பார்கள், துணி பெரும்பாலும் அங்கேயே பின்னப்படுகிறது. சீனத் துணியை நம்பிச் சட்டை, கால்சட்டை தைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். மருந்துகளுக்குக் காப்புரிமை கொடுக்க வேண்டியதில்லை என்ற விலக்கும் கைவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் 'உயர்வு' என்று மாலை போடுவானேன்? 'பட்டியல் நீங்கல்' என்பது என் பரிந்துரை. 'நீக்கம்' வேண்டாம். அது பிறர் செய்வது, தண்டனை வாடை வேறு, பங்குச்சந்தையிலும் புழங்குகிறது.

— கு.

> 'பட்டியல் நீங்கல்' என்பது என் பரிந்துரை

ஐ.நா.வுக்குச் சரி. உலக வங்கிக்கு? ஏழை நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் அதன் கிளையான சர்வதேச அபிவிருத்திச் சங்கத்தின் சலுகைக் கடனிலிருந்து இலங்கை 2017இல் 'கிராஜுவேட்' ஆனது. 2022இல் டொலர் தீர்ந்து, வெளிநாட்டுக் கடன் கட்டுவது நின்றது. அந்த டிசம்பரிலேயே வங்கி திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஐ.நா. பட்டியலிலோ இலங்கை இருந்ததே இல்லை. 'பட்டியல் நீங்கல்' என்று பொதுவாக எழுதினால் வாசகர் இரண்டையும் குழப்புவார். இதற்குச் 'சலுகைக்கடன் நீங்கல்' என்போம். திரும்ப வருவதற்கு 'மீள்சேர்ப்பு'. இங்கே பிறவினைதான் பொருத்தம், அரசு கேட்க வங்கி செய்வது.

— சி.

நன்று. தலைச்சொல் 'நீங்கல்', அதன்கீழ் இரண்டு கிளைச்சொற்களும் 'மீள்சேர்ப்பு'ம் என்று பதிகிறேன். வெளியேறிய பின் நீடிக்கும் அந்த மூன்றாண்டுக்கும் ஒரு சொல் வேண்டும். 'சலுகை நீட்சி' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

— ந.