ஆடி ஒன்று: பிள்ளைகள் கையில் தேங்காய்

கரூரிலிருந்து:

ஆடி ஒன்றாம் தேதி எங்கள் வீட்டில் பிள்ளைகள்தான் சமையல்காரர்கள். தேங்காய் சுடும் நோன்பு. சேலம், நாமக்கல், ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முந்தின நாளே வேலை தொடங்கிவிடும். மட்டை உரித்த தேங்காயைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து, நாரெல்லாம் போய் ஓடு வழவழப்பாக வேண்டும். இதில் பெரியவர்கள் கை வைக்க மாட்டோம். மகள் தேய்த்த தேங்காயை அவள் தம்பி தொட்டாலே சண்டைதான். மூன்று கண்ணில் எது மெல்லியது என்று குத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் அவர்களே. தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை உள்ளேயே விடுவார்கள், பருப்பு வேக அது வேண்டும். வறுத்த பாசிப்பருப்பு, எள், அவல், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் உள்ளே போகணும். அதற்குச் சின்ன விரல்களே தோது. முழுக்க அடைக்கக் கூடாது, பருப்பு ஊதும். அப்புறம் சீவிய அழிஞ்சி மரக் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசினால் தயார்.

மாலையில் அமராவதிக் கரையிலோ தெருவிலோ தீ மூட்டுவோம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும், அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குச்சியைப் பிடித்துத் திருப்புவது பிள்ளைகள்தான். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்த கதையை அப்பிச்சி (அம்மாவின் அப்பா) அங்கேதான் சொல்வார். ஓடு விரிசல் விட்டு வாசம் வந்ததும் எடுத்து, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைப்போம். சாமிக்குப் படைக்கிற பண்டத்தையே நம்பி ஒப்படைப்பதால்தான் இவ்வளவு பொறுப்பாகச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:

எங்களுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரமான முந்திரிக்கொத்து. வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய் எல்லாம் கலந்து வைத்தால் அம்மா வெல்லப்பாகை ஊற்றுவார். சூடு ஆறுவதற்குள் உருட்டணும், இல்லையென்றால் உதிரும். அண்ணன் பிள்ளைகள், அக்கா பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உருட்டுவார்கள். மாவில் தோய்த்து மும்மூன்றாக எண்ணெயில் விடுவது பெரியவர்கள் வேலை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று கொத்து கோணலாகத்தான் வரும். அதைத்தான் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்புகிறோம். கரூர் அக்கா, அடுக்குமாடியில் இருப்பவர்கள் தேங்காய் சுட என்ன செய்வது?

கரூரிலிருந்து:

மொட்டை மாடியில் செங்கல் அடுக்கிக் கரி போட்டுச் சுடலாம், தம்பி. என் தங்கை அப்படித்தான் செய்கிறாள். குச்சி மட்டும் நல்ல நீளமாக இருக்கட்டும்.